நாள்வழியில் விடுபட்ட வரி

1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் தம்பானூரிலிருந்து கவடியாருக்கு முதல் சர்க்கார் பஸ் ஓடியது. சித்திரைத் திருநாள் மகாராஜாவும் அரண்மனையைச் சேர்ந்தவர்களும்தான் அதில் முதல் பயணிகள். லண்டனில் பஸ் நடத்திப் பழகிய சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்து அந்த இலாகாவையே புதிதாக உண்டாக்கியிருந்தார்கள். சாலைக் கடைத்தெருப் பையன்கள் நாங்கள் கூட்டமாக ஓடி, வழியோரம் நின்று பார்த்தோம். எனக்கு அப்போது 11 வயது.

அதே பிப்ரவரியில், அதே ஊரில், வக்கீல் ஏ. நாராயண பிள்ளையின் அலுவலகத்தில் சிலர் கூடித் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பட்டம் தாணு பிள்ளை தலைவர்; டி.எம். வர்கீஸும் சி. கேசவனும் அவருக்கு இரண்டு தோள்கள். ராஜாவின் பேரால் திவான் ஆளுவது போதும், ஜனங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். அதைப் பார்க்க எங்களில் யாரும் ஓடவில்லை. எட்டு மாதம் கழிந்து அக்டோபரில், முதல் பஸ் போன அந்தத் தம்பானூரிலிருந்து அந்தக் கவடியாரை நோக்கித்தான் ஜனங்கள் நடந்து போகப் புறப்பட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் எங்கள் வீட்டுக்குள் வந்ததும், பிறகு ஒன்பது வருஷம் போகாமல் இருந்ததும் என்ன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எங்களுடையது காகிதக் கடை. பள்ளிக்கூட நோட்டு, சிலேட்டு, மைக்கூடு, சர்க்கார் கச்சேரிகளுக்கு ஃபுல்ஸ்கேப், அச்சுக்கூடங்களுக்கு டெம்மி ரீம்கள். அப்பா கோட்டாற்றிலிருந்து வந்தவர். சாலையில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தாம்: நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்கள், திருநெல்வேலிப் பக்கத்துச் செட்டிமார், தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகள். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் அக்கிரகாரங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கடைக் கணக்கு தமிழ் எண்ணில், கொல்லம் ஆண்டில். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம் என்ற வாய்ப்பாடு பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே எங்களுக்குப் பாடம்.

எங்கள் வீட்டில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர்மேல் பெரிய மரியாதை இருந்தது. இதைச் சொல்லாமல் மேலே போனால் அந்தக் காலத்தின் மனசு யாருக்கும் விளங்காது. வந்தவாசியில் பிறந்து, சென்னையில் வக்கீலாகக் கொடிகட்டிப் பறந்தவர். அவர் திவானாகிச் சில வாரங்களில், 1936 நவம்பர் 12 அன்று, சர்க்கார் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. சுசீந்திரத்தில் தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் இருந்ததைக் கண்டவர் அப்பா. பத்மநாபசாமி கோயிலின் கிழக்கு நடையில், அதுவரை கோபுரத்தைத் தூரத்திலிருந்து மட்டும் கும்பிட்டவர்கள் படியேறியபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். மறு வருஷம் பல்கலைக்கழகம் வந்தது. பிறகு பஸ். கன்னியாகுமரிக்குப் போகும் ரோட்டுக்குக் கான்கிரீட். 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம். அடுத்தடுத்த வருஷங்களில் ஆலுவாயில் உரத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆலைகள். இத்தனையும் கண்முன் நடந்தவை. இவற்றை மறைத்துவிட்டு அந்த ஆட்சியின் கொடுமையை மட்டும் எழுதுகிறவர்கள் அதன் பலம் எங்கே இருந்தது என்பதைத் தவறவிடுகிறார்கள். நன்றி உள்ளவன் வாய் திறக்க மாட்டான். சாலையில் எங்களைப் போன்றவர்கள் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பயத்தைவிட நன்றி முந்திய காரணம்.

பள்ளியில் காலையில் வஞ்சீச மங்களம் பாடுவோம். அதே வகுப்பில் ஒரு வாத்தியார் பெஞ்சுகளுக்கிடையே நடந்து, யார் வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வருகிறது என்று கேட்பார். பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். அதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அரசரைப் பற்றிப் பேசினால் ராஜத்துரோகம். கோழஞ்சேரியில் 1935-இல் சி.பி.யைத் தாக்கிப் பேசிய ஒரே பிரசங்கத்துக்காக சி. கேசவன் சிறைக்குப் போனார், சி.பி. அப்போது திவான்கூட இல்லை, மகாராஜாவின் ஆலோசகர். அதற்கும் முந்திய கதை ஒன்றை அப்பா தணிந்த குரலில் சொல்வார்: 1910-இல் ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளையை ஆரல்வாய்மொழி வழியாகக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் விட்ட கதை. அச்சு யந்திரத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவர் திரும்பி வராமலே 1916-இல் கண்ணூரில் இறந்தார். காகிதம் விற்கிறவன் மறக்கக் கூடாத கதை என்பார் அப்பா.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு மட்டும் வந்த விதி என்று அப்போது நினைத்தோம். அப்படி இல்லை. மாதிரி சமஸ்தானம் என்று பேரெடுத்த மைசூரில், 1938 ஏப்ரலில், விதுராசுவத்தத்தில் கொடியேற்றக் கூடியவர்கள்மேல் போலீஸ் சுட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் ஈரானில் ரேசா ஷா கடலிலிருந்து கடலுக்கு ரயில்பாதை போட்டு முடித்தார். அங்கேயும் எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறைதான். ரோடு போடுகிறவன் அந்த ரோட்டில் யார் எதைச் சொல்லிக்கொண்டு நடக்கலாம் என்பதையும் தானே தீர்மானிக்கலாம் என்று நினைத்த காலம் அது.

ஆகஸ்டில் ஸ்டேட் காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. தலைவர்கள் கைதானார்கள். ஒருவர் பிடிபட்டால் அடுத்தவர் இயக்கத்தின் ‘சர்வாதிகாரி’யாகப் பொறுப்பேற்பார், அவரும் பிடிபடுவார். ஆகஸ்ட் 31 அன்று அப்படி என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்தபோது நெய்யாற்றின்கரையில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். பட்டாளம் சுட்டது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ராகவன் என்பவரை ஜனங்கள் வீரராகவன் என்றே பிறகு அழைத்தார்கள்.

இந்தச் செய்தி எங்களுக்குப் பத்திரிகையில் வரவில்லை. கோட்டாற்றிலிருந்து அரிசி மூட்டைகள் மாட்டுவண்டியில் சாலைக்கு வரும். நெய்யாற்றின்கரையைத் தாண்டித்தான் வர வேண்டும். விடியற்காலையில் வண்டி அவிழ்த்த ஒருவர் நேரே எங்கள் கடைத் திண்ணைக்கு வந்தார். "பிள்ளைவாள், நெய்யாத்தங்கரையில சுட்டுப் போட்டானுவ. ரோட்டுல குடையும் தோர்த்துமாக் கெடக்கு. மாடு மிரண்டு நடக்க மாட்டேன்னுட்டு" என்றார். அப்பா அவருக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்து, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். மத்தியானத்துக்குள் சாலை முழுக்கத் தெரிந்திருந்தது. அந்த மாதங்களில் எங்களுக்குத் தெற்கத்திச் செய்தி எல்லாம் வண்டிக்காரர்கள் கொண்டுவந்ததுதான். வடக்கிலிருந்து வந்தவை இன்னும் மோசம். செப்டம்பரில் கோட்டயத்தில் மலையாள மனோரமாவின் லைசென்ஸை ரத்து செய்து அச்சுக்கூடத்துக்கு முத்திரை வைத்தார்கள். ஒன்பது வருஷம் அது வெளிவரவில்லை. மாத்ருபூமி சமஸ்தானத்துக்குள் வரக் கூடாது என்று தடை. ஆற்றிங்கலில் துப்பாக்கிச் சூடு. கடைக்கலிலும் கல்லற–பாங்கோட்டிலும் ஜனங்களே எழுந்தார்கள், பட்டாளம் போனது.

அந்தப் புரட்டாசியில்தான் எங்கள் கடைக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். தடை செய்யப்பட்ட நோட்டீஸ் ஒன்று ஊரில் இறங்கியிருந்தது. அச்சடித்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே காகிதம் விற்றது யார் என்பதிலிருந்து தொடங்கினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அப்பாவின் மேஜைமுன் உட்கார்ந்து அன்றாடக் கணக்கு எழுதும் நாள்வழியைத் திறந்தார். தமிழ் எண்ணும் கடைக்கணக்குச் சுருக்கெழுத்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆவணி முதல் தேதியிலிருந்து வாசியும் என்றார்.

அப்பா வாசித்தார். தமிழில் பார்த்து மலையாளத்தில் சொன்னார். இத்தனை குயர், இத்தனை ரீம், இன்னாருக்கு, இத்தனை சக்கரம், ரொக்கம் அல்லது பற்று. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அந்த வருஷம்தான் எனக்குத் தமிழ் எண் எழுதப் பழக்கியிருந்தார். ஆகவே அவர் விரல் போகும் இடமெல்லாம் என் கண்ணும் போனது. ஒரு பக்கத்தின் நடுவில் "டெம்மி 3 ரீம், மருமகன் பற்று" என்று இருந்தது. அப்பாவின் விரல் அந்த வரிமேல் நின்றது. வாய் அடுத்த வரியைச் சொன்னது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வாங்கியதைக் குறைத்தோ விற்றதைக் கூட்டியோ ஒரு காசு எழுதாதவர். கணக்கு சரஸ்வதி என்று என் கையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவர்.

மருமகன் என்றால் என் அத்தை மகன். எனக்கு அத்தான். கோட்டாற்றிலிருந்து வந்து எங்களோடு தங்கி, காலையில் காலேஜுக்குப் போய், சாயங்காலம் கடையில் நிற்பார். கதர் கட்டுவார். நல்ல கையெழுத்து. இரவில் திண்ணையில் படுத்துக்கொண்டு, பொறுப்பாட்சி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான்: "திவான் நல்லவராயிருந்தா சந்தோஷம். ஆனா நாளைக்கு ஒரு கெட்டவன் வந்தா நாம யார்கிட்டப் போய்க் கேக்கிறது, சொல்லு பாப்போம்." எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசித்து முடிந்ததும் இன்ஸ்பெக்டர் நாள்வழியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். தமிழ்க் கணக்குத் தெரிந்த ஆள் திருவனந்தபுரத்தில் கிடைப்பது அரிதா என்ன? மறுநாள் ராத்திரி வந்து அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாரண்ட் என்று எதையும் காட்டவில்லை. அப்பா பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினார். இங்கே அப்படி யாரும் இல்லை என்றார்கள். இன்னொரு ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கும் அதே பதில்.

அந்த வருஷச் சரஸ்வதி பூஜைக்குக் கணக்குப் புத்தகம் வீட்டில் இல்லை. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குமாரகோயில் முருகனும் வழக்கம்போல் நெய்யாற்றின்கரை வழியாக, ஒரு மாதம் முன்பு ரத்தம் சிந்திய அந்த ரோட்டு வழியாக, பட்டாளம் சல்யூட் அடிக்கக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மை எழுதாத நோட்டு ஒன்றைப் பூஜையில் வைத்துச் சந்தனம் தொட்டாள்.

அக்டோபர் 23 மகாராஜாவின் பிறந்தநாள் விழா. தீபாவளியை ஒட்டி வந்தது. சாலையில் அது கைநிறைய வியாபாரம் நடக்கிற நேரம். இரண்டு நாளாகவே வெளியூர் ஆட்கள் தம்பானூரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்: நடந்து, வள்ளத்தில், வண்டியில், கிடைத்த வழியில். வெள்ளைத் தொப்பி. பலர் கையில் கட்டுச்சோறு. அன்று காலையில் அப்பா கடையைத் திறக்கவில்லை. நிரைப்பலகைகளைச் சரிபார்த்துவிட்டு, "வா மக்கா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தம்பானூரில் அத்தனை ஜனத்தை அதற்கு முன் ஆராட்டுக்குக்கூட நான் கண்டதில்லை. தலைமை தாங்கி வந்தவர் அக்கம்மா செறியான். காஞ்ஞிரப்பள்ளிப் பெண். பள்ளித் தலைமையாசிரியை வேலையை விட்டுவிட்டு வந்தவர். தலைவர்கள் எல்லாம் உள்ளே போனபின் இயக்கத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்திருந்தது. வெள்ளைக் கதர், தலையில் தொப்பி. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தூரத்தில் ஒரு கணம் கண்டேன். முன்னால் துப்பாக்கியோடு வரிசை நின்றது. எங்களுக்கு முன்னே இருந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். நின்றது தெரிந்ததே தவிர, ஏன் என்று தெரியவில்லை. அதிகாரி சுடச் சொன்னதும், அக்கம்மா முன்னே போய், நான்தான் தலைவி, மற்றவர்களைக் கொல்லும் முன் என்னைச் சுடு என்று சொன்னதும் எங்கள் காதுக்கு ஆள்மாற்றி ஆள் வந்து சேர்ந்தவை. அதைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பைத் திறந்துகொண்டார். அவருக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனாலும் திறந்துகொண்டார். அப்பாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. விட்டுப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை.

சுடவில்லை. தலைவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். காந்தி அக்கம்மாவைத் திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்றார். பிற்காலத்தில் இந்தச் சம்பவம் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டது. பாடப்புத்தகத்தில் ஒரு பெண்ணும் ஒரு துப்பாக்கியும் மட்டும் இருக்கிறார்கள். அந்தப் பகலில் சட்டையைத் திறந்த கிழவர்களும் வியாபாரத்தை விட்டு வந்த கடைக்காரர்களும்தான் துப்பாக்கியைத் தாழ்த்த வைத்தார்கள் என்பது நின்று பார்த்தவன் சொல்லக்கூடியது.

அத்தான் சில நாள் கழித்து வந்தார். யாரும் விடுதலை செய்யவில்லை. ஒரு விடிகாலையில் தெருவில் இறக்கிவிட்டுப் போனார்கள். எந்த வழக்கும் போடவில்லை. இடது காது அதன்பின் அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே நடந்ததை அப்போது எங்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை. அம்மை மட்டும் எண்ணெய் தேய்த்துவிட்டபோது முதுகைப் பார்த்தாள். காலேஜில் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. நாள்வழி திரும்பி வந்தது. அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சில் கோடு இருந்தது. அப்பா கிழிக்கவில்லை, அழிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தே தொடர்ந்து எழுதினார். ஆனால் அன்று முதல் கடையில் ஒரு பழக்கம் வந்தது. ரொக்கத்துக்கு வாங்குகிறவர் பேரை எழுதுவதை நிறுத்திவிட்டார். சாலையில் இன்னும் சில கடைகளிலும் அப்படித்தான் நிறுத்தினார்கள் என்று பிறகு அறிந்தேன்.

பின்வந்த வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். திவான்மேல் சாட்டிய குற்றங்களை வாபஸ் வாங்கச் சொல்லி ஸ்டேட் காங்கிரஸுக்கு காந்தி யோசனை சொன்னார், வாங்கினார்கள், வாங்கிய பிறகும் சிறை ஓயவில்லை. யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோய் ஊர் மரவள்ளிக்கிழங்கில் உயிர்பிழைத்தது. கல்லற–பாங்கோட்டு வழக்கில் கொச்சப்பி பிள்ளையையும் பட்டாளம் கிருஷ்ணனையும் 1940-இல் தூக்கிலிட்டார்கள். 1944-இல் அதே சமஸ்தானம் மரண தண்டனையை ஒழித்தது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று அன்றும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். தண்டனை ஒழிந்து இரண்டு வருஷத்தில் விசாரணையே இல்லாமல் கயிற்றுத் தொழிலாளிகள் சுடப்பட்டார்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதட்டும்.

அந்த 1946-இல் நான் மாணவன். பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சி.பி. போலீஸும் அவர் கீழ். பரீட்சைக்குக் கட்டணம் கட்டும் பையனுக்கு இரண்டும் ஒரே கையெழுத்து என்பது மறக்காது. வருஷ ஆரம்பத்திலேயே அமெரிக்க மாதிரி என்று ஓர் அரசியல் சட்டத் திட்டத்தை அவர் அறிவித்தார். அதில் தேர்தல் உண்டு, சபை உண்டு, ஆனால் சபையால் அசைக்க முடியாத திவானும் உண்டு. அதை அரபிக்கடலில் எறிவோம் என்று ஆலப்புழையில் முழக்கம் எழுந்தது. அக்டோபரில், மறுபடியும் தீபாவளியை ஒட்டி, மகாராஜாவின் பிறந்தநாள் நேரத்தில், புன்னப்ராவில் மோதல். ராணுவச் சட்டம் அறிவித்து, படைக்குத் தலைமையையும் திவானே ஏற்றார். 27-ஆம் தேதி வயலார். ஈட்டி பிடித்தவர்கள்மேல் இயந்திரத் துப்பாக்கி. எத்தனை பேர் என்பதில் சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை. தலைநகரில் எங்களுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஹாஸ்டலில் ஆலப்புழைப் பக்கத்துப் பையன்கள் இருவர் அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. அவர்கள் கட்டிலில் வேறு பையன்களைப் போட்டார்கள்.

தமிழராக இருந்தது அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறொரு பாரம். திவான் தமிழர் என்பதால், அவர்மேல் எழுந்த கோபத்தில் ஒரு பங்கு சாலைத் தெருவின்மேலும் விழுந்தது. சுவரில் அவர் பேரோடு பாண்டி என்று எழுதியிருக்கும். அடிபட்டு வந்த அத்தானைக்கூட, உங்கள் ஆள்தானே அடித்தான் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தப் பக்கமோ, திவானைக் குறை சொன்னால் நம்மவரைக் காட்டிக்கொடுக்கிறாயே என்று சில பெரியவர்கள் அப்பாவிடம் கோபித்துக்கொண்டார்கள். காது போனவனுக்கு எந்த ஜாதி, எந்தப் பாஷை என்று அப்பா அவர்களிடம் கேட்டார். 

1947 ஜூன் 11 அன்று, வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனிநாடு என்று சி.பி. அறிவித்தார். மணவாளக்குறிச்சி மணலும் அதில் இருந்த தோரியமும் உலக அரசியலில் அடிபட்டன. பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியை நியமித்தார்கள். ஊரே கொதித்தது. ஜூலை 13 அன்று பேட்டையில் பொதுக்கூட்டத்தின்மேல் சுட்டார்கள். இறந்தவர்களில் ராஜேந்திரன் என்ற பள்ளிப் பையனும் ஒருவன். அந்த மைதானத்துக்கு இன்று அவன் பேர். 

12 நாள் கழித்து, ஜூலை 25, சுவாதித் திருநாள் நூற்றாண்டு விழா. சங்கீத அகாதமியில் செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர் கச்சேரி. காங்கிரஸ்காரன், கம்யூனிஸ்டு, சர்க்கார் உத்தியோகஸ்தன் எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது சங்கீதம் ஒன்றுதான். நாங்கள் மாணவர்கள் சிலர் உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். திவான் வந்திருந்தார் என்பது கார்களைப் பார்த்துத் தெரிந்தது. திடீரென்று விளக்கு அணைந்தது. முதலில் மின்சாரம் போயிற்று என்றே நினைத்தோம். பிறகு கூச்சல், ஓட்டம், விசில். எங்களைத் தாண்டி வேகமாகப் போன ஒரு கார். புறப்பட எழுந்த திவானை இருட்டில் ஒருவன் வெட்டிவிட்டான் என்று சொன்னார்கள். முகத்தில் வெட்டு, உயிர் தப்பினார். வெட்டியவர் கே.சி.எஸ். மணி, அம்பலப்புழைக்காரர், கேரள சோஷலிஸ்டு கட்சி, தமிழ் பேசும் பிராமணர். இந்த விவரம் வெளியே வந்தபின் சாலையில் பாண்டி என்ற பேச்சு கொஞ்ச நாளைக்கு அடங்கியிருந்தது.

நான் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னபோது அப்பா நாள்வழி எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை வைத்தார். "கோயிலைத் திறந்து வச்ச மனுசன்" என்றார் முதலில். வெகுநேரம் கழித்து, "நல்லது செய்தவனையும் கேள்வி கேக்க ஒரு வாசல் வேணும் மக்கா. இவர் எல்லா வாசலையும் அடைச்சுட்டார்" என்றார். அத்தான் அப்போது நாகர்கோவிலில் இருந்தார். அவருக்குச் சந்தோஷம் இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். வெட்டுக்கத்தியால் வருவது பொறுப்பாட்சி ஆகாது என்று கடிதம் எழுதியிருந்தார்.

ஜூலை 30 அன்று மகாராஜா இந்தியாவோடு சேர இசைந்து தந்தி அடித்தார். ஆகஸ்ட் 19 அன்று சி.பி. திருவனந்தபுரத்தை விட்டுப் போனார். செப்டம்பர் 4 அன்று பொறுப்பாட்சி அறிவிப்பு. மறு வருஷம் மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை பிரதமரானார். அன்று சாலையில் நாங்களும் தோரணம் கட்டினோம். 1938-இல் சிறைக்குப் போனவர்கள் நாற்காலிக்கு வந்ததைப் போன்ற சந்தோஷம் என் வாழ்நாளில் சில தடவைதான் வாய்த்தது.

போலீஸ் அதே போலீஸாக இருந்தது. நாஞ்சில் நாடும் தென் தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நேசமணி தலைமையில் போராடியது. அத்தான் அதில் சேர்ந்துவிட்டார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. முதல் மந்திரி அதே பட்டம் தாணு பிள்ளை. அவருடைய கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியா, தன் கட்சி மந்திரிசபை ராஜினாமா செய்து நீதி விசாரணை நடத்த வேண்டும் என்றார், செய்யவில்லை. திவான் வேறு, மந்திரி வேறு. ஆட்சியை நாங்களே தேர்ந்தெடுத்தோம், நாங்களே மாற்றவும் முடிந்தது, மாற்றினோம். அந்த வித்தியாசம் பெரிது. 1938-இல் நாங்கள் கேட்டதும் அதைத்தான். ஆனால் சுட்டபின் சொன்ன விளக்கங்களின் வாசகம் எனக்கு நெய்யாற்றின்கரையிலிருந்தே பழக்கமாக இருந்தது: கூட்டம் கலையவில்லை, வேறு வழி இல்லை.

1956-இல் எல்லை மாறிற்று. கோட்டாறு தமிழ்நாட்டுக்குப் போயிற்று; எங்கள் கடை கேரளத்தில் நின்றது. அத்தான் அச்சுக்கூடம் ஒன்றில் பிழை திருத்துகிறவராக வேலை பார்த்துக் கடைசிவரை இருந்தார். விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வந்தபோது நான் படிவத்தோடு அவரிடம் போனேன். வழக்கு எண், தண்டனை கொடுத்த நீதிமன்றம், சிறையில் இருந்த காலம், சிறைச் சான்றிதழ் என்று கட்டங்கள் இருந்தன. அவருக்கு வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை, சான்றிதழ் கொடுக்கச் சிறையும் இல்லை. அப்படி எத்தனை பேர் 1938-இல் ராத்திரியில் கூட்டிக்கொண்டு போகப்பட்டு விடிகாலையில் தெருவில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதற்கு எந்தக் கச்சேரியிலும் கணக்கு இருக்காது.

கூட இருந்த கைதி ஒருவர் சாட்சி சொன்னாலும் போதும் என்றார்கள். அவரோடு லாக்கப்பில் இருந்தவர்களின் பேரை அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் அடுத்த அடியில் சொல்லிவிடுவோமோ என்று பயந்தாராம். உள்ளே இருந்த நாட்களைப் பற்றி என்னிடம் அவர் சொன்ன ஒரே விஷயம் அது. படிவத்தை நிரப்பவில்லை.

நான் கைதி அல்ல. என் சாட்சி அங்கே செல்லாது. ஆனாலும் சொல்கிறேன். கொல்லம் 1114, புரட்டாசி மாதம், சரஸ்வதி பூஜைக்கு முன், இரவுச் சாப்பாடு முடிந்து எச்சில் இலை எடுக்கும் நேரம், சாலைக் கடைத்தெருவிலிருந்து அவரைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகும்போது அவருக்கு இரண்டு காதும் கேட்டது.